சனிக்கிழமை ஊசி

கிளாட்வினின் உடம்பைப் பார்த்துப் பொறாமைப்படாத இளவட்டம் ராஜபாளையத்தில் குறைவு. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு இருக்கிறது. அதில் இடுப்பில் கைக்குட்டை அளவுத் துணியோடு, எண்ணெய் பூசிய மார்பைப் புடைத்துக்கொண்டு அவன் நிற்பான். கீழே 'வைரம் ஜிம், மாஸ்டர் பொன்னுராஜ்' என்று போட்டிருக்கும். வெயிலில் எழுத்து வெளுத்துப் போய்விட்டது, உடம்பு வெளுக்கவில்லை. அவனுடைய அப்பா வேதசிரோமணி தன் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் ஸ்கூட்டரைக் கொஞ்சம் மெதுவாக்குவார்.

அந்த உடம்பை உண்டாக்கியவன் பொன்னுராஜ். கிளாட்வின் அவனுக்கு ஜிம்முக்கு வந்த பத்தோடு பதினொன்று அல்ல, தங்கை அக்சாவின் புருஷன். கல்யாணத்தன்று கோட்டுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு ஒல்லி. சர்ச்சில் மோதிரம் போடும்போது கை நடுங்கிய மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண் வீட்டார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பொன்னுராஜ் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்த நடுக்கம் பிடித்திருந்தது. தங்கையைக் கை நீட்டி அடிக்கிற ஆள் இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

முதல் வருடமே அக்சாவுக்கு ஒரு கரு தங்கியது. பொன்னுராஜ் தாய்மாமன் ஆகப்போகிற மிதப்பில் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். மூன்றாம் மாதம் அது கலைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரி ஒருத்தி இன்னொருத்தியிடம் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள். "வித்து பலமில்லன்னா எப்படி நிக்கும்? பையனைப் பாரு, ஊதினாப் பறந்துருவான்."

அந்தப் பேச்சை அவள் மறந்திருப்பாள். பொன்னுராஜ் மறக்கவில்லை. எடை தூக்குகிறவனுக்கு உலகத்தில் எல்லாமே பலம், பலமின்மை என்ற இரண்டுதான். வித்துக்குப் பலமில்லையென்றால் பலம் ஏற்றினால் போயிற்று. புரோட்டீன் மாவு கொண்டுவருகிற மதுரை ஏஜென்ட் ரொம்ப நாளாகவே ஒரு ஊசி மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அசல் ஆண் ஹார்மோன், ஆம்பளையை ஆம்பளையாக்குவதே அதுதான் என்றான். ஆண் ஹார்மோன் ஆணுக்கு நல்லதுதானே? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று பொன்னுராஜுக்குத் தோன்றியது. எனக்கும் உங்களுக்கும்கூட அப்படித்தான் தோன்றியிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் பையன்கள் கலைந்து போன பிறகு, ஜிம்மின் உள்ளறையில் கிளாட்வின் பெஞ்சில் கவிழ்ந்து படுப்பான். பொன்னுராஜ் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் போன்ற அந்த மருந்தை இடுப்புச் சதையில் மெதுவாக ஏற்றுவான். வேறு யாருக்கும் போடமாட்டான். கெஞ்சிய பையன்களிடம், "இது மருந்துலே, தீனி இல்ல. தேவைப்பட்டவனுக்கு மட்டுந்தான்" என்று விரட்டிவிடுவான். அக்சா கேட்டபோது வைட்டமின் என்றான். ஒரு பொய்யும் அதில் இருப்பதாக அவனுக்குப் படவில்லை. தாய்மாமனாகிறவன் சீர் செய்கிற மாதிரி, முன்கூட்டியே ஒரு சீரைச் செய்துகொண்டிருந்தான்.

உடம்பு ஏறியது. தோள் விரிந்தது, குரல் கனத்தது, நடை மாறியது. மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கினான். பிள்ளை மட்டும் வரவில்லை. ஒரு விபரீதம் என்னவென்றால், புருஷனுக்கு உடம்பு ஏற ஏற, குறை பெண்டாட்டி பக்கம் சாய்ந்துகொண்டே போனது. இப்பேர்ப்பட்ட ஆம்பளையிடம் என்ன கோளாறு இருக்க முடியும்? அவனைக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்சாவைத்தான் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், குழாயில் மருந்து செலுத்திப் பார்த்தார்கள், வயிற்றில் துளை போட்டுக் குழல் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மாக்கள் சொல்லச் சொல்ல, சரியாக இருப்பதே ஒரு குற்றம்போல ஆகிவிட்டது. பிறகு கருமுட்டை வளர்வதற்கென்று தினமும் ஊசி. அதைத் தானே போட்டுக்கொள்ள அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மாமனார் கம்பெனியில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் பிரிவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சேலைக்கு அடியில் வயிறு நீலம் பாரித்துக் கிடக்க, நாளெல்லாம் நின்றபடி அடுத்தவர் காயத்துக்குத் துணி மடித்தாள்.

கடைசியில் வேதசிரோமணி வாய் திறந்தார். பொன்னுராஜை வீட்டுக்கு வரச்சொல்லி, காபி கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னார். "பொன்னுராசு, எனக்கு ஒத்தை மகன். சர்ச்சுல அறுப்பின் பண்டிகை கழியட்டும். அன்னைக்கே வந்து உன் தங்கச்சியக் கூட்டிட்டுப் போ. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்." கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

பொன்னுராஜ் ஒரு யோசனை செய்தான். அக்சாவைப் பார்த்த டாக்டரம்மா, புருஷனையும் ஒருமுறை சோதித்தால்தான் மேற்கொண்டு வைத்தியம் செய்ய முடியும் என்று சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. கிளாட்வின் பிடி கொடுக்கவில்லை. "என்னையப் பாத்தா டெஸ்ட் எடுக்கணும்னு தோணுதா மச்சான்?" என்று கையை மடக்கிக் காட்டினான். "அந்த ஒரு சாக்கும் இல்லாமப் போகட்டும் மாப்ள. நீ நல்லா இருக்கன்னு ஒரு டாக்டர் சொல்லிட்டா, அடுத்து என்ன வைத்தியம்னு கேக்கலாம். அதுவரைக்கும் அவளை வெளிய அனுப்ப முடியாதுல்ல" என்று பொன்னுராஜ்தான் அவனைக் கரைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் கண்ணுச்சாமி இந்த விஷயத்தில் கெட்டிக்காரர் என்று பேர். சோதனைக்கெல்லாம் கொடுத்துவிட்டு, முடிவு கேட்க ஒரு மத்தியானம் இரண்டு பேரும் பைக்கில் போனார்கள். திரும்பும்போது அக்சாவுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று பொன்னுராஜ் வழியிலேயே கடையைப் பார்த்து வைத்துக்கொண்டான்.

டாக்டர் நடுவயது ஆள். சுற்றி வளைக்கத் தெரியாதவர். "ரெண்டு தடவை பார்த்தாச்சு. உங்க விந்துல ஒரு உயிரணுகூட இல்லை" என்றார்.

கிளாட்வின் சிரித்தான். "மாத்தி வச்சிருப்பாங்க சார்."

"முன்னாடி கரு தங்கியிருக்குன்னு சொன்னீங்க. அப்போ இருந்திருக்கு. நடுவுல என்ன நடந்துச்சு?" அவர் கிளாட்வினையே பார்த்தார். "ரத்தத்துல ஆண் ஹார்மோன் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி இருக்கு. ஆனா விதைப்பைக்குள்ள இருக்கிற விதை சுருங்கிப்போயிருக்கு. விதையைச் சுரக்கச் சொல்ற சேதி, தாக்கல்னு வச்சுக்கோங்க, மூளைக்கு அடியில ஒரு சுரப்பியிலிருந்து வரணும். அது துடைச்சு விட்ட மாதிரி இல்லை. சுரக்கிறவன் தூங்குறான், ஆனா சரக்கு நிறைஞ்சிருக்கு. எங்கேருந்து வந்தது? ஊசி ஏதாவது போடுறீங்களா?"

கிளாட்வின் ஒரு கணம் பொன்னுராஜைப் பார்த்தான். "இல்ல சார். முட்டை, கோழி. அம்புட்டுதான்."

"அப்படின்னா உடம்புக்குள்ள எங்கேயாவது கட்டி இருந்து சுரக்குதான்னு தேடணும். மதுரைக்கு எழுதித் தாரேன்."

பொன்னுராஜுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், ஆண் ஹார்மோன் கூடினா நல்லதுதான? அது கூடி எப்படி இது இல்லாமப் போகும்?"

டாக்டர் அவனுடைய புஜத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல், இந்த ஊர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார்.

"உங்க ஊர்ல மில்லுக்குப் பஞ்சமில்லை. விதைங்கிறது ஒரு மில்லுன்னு வச்சுக்கோங்க. தலைக்குள்ள இருக்கிற சுரப்பி ஹெட் ஆபீஸ். மில்லுல ரெண்டு பிரிவு. ஒரு பிரிவு ஹார்மோன் தயாரிக்கும். இன்னொரு பிரிவுல செவிலி செல்லுங்க இருக்கு, அதுங்கதான் உயிரணுவைப் பால் குடுத்து வளர்க்கிற மாதிரி வளர்க்கும். ஹெட் ஆபீஸ் ரெண்டு பிரிவுக்கும் தனித்தனியா தாக்கல் அனுப்பும். ஆனா ஹெட் ஆபீஸ்காரன் மில்லுக்குள்ள வந்து பார்க்கிறதில்லை. பெரும்பாலும் குடோனைத்தான் பார்ப்பான். ரத்தந்தான் குடோன். வெளியே வாங்கின சரக்கைக் கொண்டுவந்து நீங்க குடோன்ல அடைச்சா, அவன் என்ன நினைப்பான்? சரக்குதான் கெடக்கேன்னு ரெண்டு தாக்கலையும் நிறுத்திருவான். ஹார்மோன் பிரிவும் நின்னுரும், செவிலிப் பிரிவும் நின்னுரும்."

"குடோன்ல உள்ள ஹார்மோன் விதைக்கும் போகும்ல சார்?"

"போகும், பத்தாது. உயிரணு வளர அங்கேயே சுரந்து ஊறிக் கிடக்கணும். ரத்தத்துல இருக்கிறதைவிடப் பல மடங்கு. அதை ஊசியால கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அதோட, அந்தச் செவிலி செல்லு சும்மா சோறு ஊட்டுற ஆள் இல்லை. பக்கத்துல இருக்கிற தாய்ச் செல்லுகளுக்கு வளர்ச்சிக் காரணின்னு சின்னச் சின்னப் பொருள்களை அனுப்பிக்கிட்டே இருக்கும். நீ பிரிஞ்சு போ, நீ போகாம விதைநெல்லா இங்கேயே இருன்னு ஒவ்வொண்ணுக்கும் சொல்ற மாதிரி. தாக்கல் நின்னா அவளும் பேச்சை நிறுத்திருவா. வளர்ற பிள்ளைங்க பாதியிலயே உதிர்ந்துரும்."

கிளாட்வின் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னுராஜ் தன் வலது கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான்.

"மில்லு திரும்ப ஓடுமா சார்?"

"வெளிச் சரக்கை நிறுத்தினா, விதைநெல் மிச்சம் இருந்தா, பெரும்பாலும் ஓடும். மாசக் கணக்கு ஆகலாம், வருஷமும் ஆகலாம். சிலருக்கு முழுசா ஓடாமலும் போயிரும். தானா எழும்பலைன்னா அந்த ரெண்டு தாக்கலையும் நாமளே ஊசியாப் போடணும். பொம்பளைங்களுக்குக் கருமுட்டை வளர வயித்துல போடுறோமே, அதே ஊசிதான்."

"பொம்பளை ஊசியா?" என்றான் கிளாட்வின்.

"அந்தச் சுரப்பிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே தாக்கலைத்தான் அனுப்புது. போயி யோசிச்சுச் சொல்லுங்க. கட்டியைத் தேடி மதுரைக்குப் போகணுமா, வேண்டாமான்னு."

பால்கோவா வாங்கவில்லை. வழியில் ஒரு டீக்கடை முன்னால் கிளாட்வின் பைக்கை நிறுத்தச் சொன்னான். மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினான்.

"மச்சான், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். ஊசிய நிறுத்திருவோம். டாக்டர் சொன்ன மாதிரி கொஞ்ச நாள்ல சரியாயிரும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

"அக்சா?"

"அதுவரைக்கும் உங்க வீட்ல இருக்கட்டுமே. பொறந்த வீடுதான? எல்லாம் சரியானதும் நானே வந்து கூப்பிட்டுக்குவேன்." அந்தப் பெரிய உடம்புக்குள் கல்யாணத்தன்று நடுங்கிய பையன் அப்படியே இருந்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன் மச்சான். போர்டுல நிக்கது நானே இல்லன்னு ஆயிரும். உங்களையும் ஊரு சும்மா விடாது. ஜிம்முக்கு ஒரு பய வரமாட்டான்."

உண்மையைச் சொல்ல வேண்டும். பொன்னுராஜுக்கு அந்த யோசனை நல்லதாகத்தான் பட்டது. கெட்ட எண்ணத்தில் அல்ல, பயத்தில். அவள் நம் வீட்டில் இருந்தால் என்ன, ராணி மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று மனசு நியாயம் பேசியது. டீயைக் கீழே கொட்டிவிட்டு பைக்கை எடுத்தான்.

அந்த வாரம் சனிக்கிழமை வந்தது. ஜிம் காலியானதும் கிளாட்வின் உள்ளறைக்கு வந்து, வழக்கம்போலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணே ஒண்ணு மச்சான். கடைசியா. இனி ஊசி இல்லன்னு நெனச்சாலே ஒரு மாதிரி வருது. உடம்பே என்னது இல்லாத மாதிரி இருக்கு."

பெஞ்சில் கவிழ்ந்து படுத்தேவிட்டான். பொன்னுராஜ் அந்த அகன்ற முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாள் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறான், ஒவ்வொரு சதையும் தன் கைவேலை என்று. இப்போது பார்த்தால், தங்கைக்குப் பிறக்க வேண்டிய பிள்ளைகளைத் தின்றுதான் அது வளர்ந்திருக்கிறது என்று தோன்றியது. அலமாரியில் மிச்சமிருந்த மருந்துக் குப்பிகளை எடுத்து, கழிவறையில் ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினான். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டும் கிளாட்வின் எழுந்து வரவில்லை. பெஞ்சில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் ஏலம். வீட்டில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள், அதை ஏலம் விடுவார்கள். மருமகள் படைத்த பொருளை அந்த வீட்டு மாமனாரே போட்டி போட்டு ஏலத்தில் எடுப்பது இங்கே ஒரு வழக்கம். அடுத்தவர் எடுக்க விட்டால் கௌரவக் குறைச்சல். அக்சா கொல்லையில் தான் வைத்த வாழையின் முதல் தாரைக் கொண்டுவந்திருந்தாள். அவளே வெட்டி, அவளே சுமந்து வந்தது.

தாரைத் தூக்கி நிறுத்தி ஏலம் கூறினார்கள். வேதசிரோமணி முன்வரிசையில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கூறியவர் மறுபடி கூறினார். அவரைப் பார்த்தே கூறினார். வேதசிரோமணி கண்ணாடியைத் துடைத்து முடிக்கவில்லை. பெண்கள் பக்கம் அக்சா தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றாள். ஒரு பொம்பளையை வீட்டைவிட்டு அனுப்பப் போகிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக ஊருக்குச் சொல்ல முடியாது.

பொன்னுராஜ் கையைத் தூக்கி ஏலத்தைக் கேட்டான். போட்டிக்கு யாரும் வரவில்லை. தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நேராக வேதசிரோமணியின் வீட்டுக்கு நடந்தான். அவர்கள் வருமுன்னால் போய் வாசலில் நின்றான்.

வாசலுக்கு உள்பக்கம் அக்சாவின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். வேதசிரோமணி நாற்காலியில் உட்கார்ந்து, "ஜெபம் பண்ணிட்டு அனுப்புவோம்" என்றார்.

"ஜெபம் பொறவு பண்ணலாம் மாமா. அவகிட்ட குறை இல்ல." தாரை இறக்கி வைத்தான் பொன்னுராஜ். "மாப்ளைக்குத்தான் உயிரணு இல்லாமப் போச்சு. அதுவும் அவரு குறை இல்ல. நான் போட்ட ஊசி. வாராவாரம் சனிக்கிழமை நான் போட்டேன். ஆண் ஹார்மோன். வித்துக்குப் பலம் வரும்னு நெனச்சேன். அது வித்தையே நிறுத்திப் போட்டுச்சு."

"ஏலே, என்ன உளறுத?"

"உளறல மாமா. நீங்க போர்டுல பாத்துப் பெருமைப்படுதீயளே, அந்த உடம்புதான் காரணம். வில்லிபுத்தூர் டாக்டரைக் கேளுங்க."

வேதசிரோமணி மகனைப் பார்த்தார். "கிளாட்வின். இவன் என்னலே சொல்லுதான்?"

கிளாட்வின் நிலைப்படியில் சாய்ந்து நின்றான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீடு அவனைத்தான் நம்பும். பொன்னுராஜ் அதற்குத் தயாராகத்தான் நின்றான். கிளாட்வின் அப்பாவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். "ஆமாப்பா" என்றான், கேட்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி. பிறகு மறுபடியும், கேட்கும்படி, "ஆமா" என்றான்.

வேதசிரோமணி எழுந்து பொன்னுராஜின் கன்னத்தில் அறைந்தார். வயதானவர், அடி பலமில்லை. இன்னொன்று அடித்திருக்கலாம் என்று பொன்னுராஜுக்கு இருந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்சா அதுவரை அசையவில்லை. "வைட்டமின்னு சொன்னியேண்ணே" என்றாள்.

"சொன்னேன்."

"எப்போ போட ஆரம்பிச்ச?"

"உனக்குக் கலைஞ்சதுல்ல, அதுக்குப் பொறவு."

"அதுக்கு முந்தி போடலையே?"

"இல்லத்தா."

அவள் பெட்டிமேல் உட்கார்ந்தாள். "அப்போ கர்த்தர் எங்களுக்குக் குடுக்கத்தான் செஞ்சிருக்காரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அக்சா எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். "நான் இருக்கணுமா போகணுமான்னு இனிமே நான் சொல்லுதேன். நீ கெளம்புண்ணே. நானா வராம நீ இங்க வராதே."

அவன் போகவில்லை, மாதங்கள் போயின. ஜிம்மில் பையன்களை உட்காரவைத்து நடந்ததை எல்லாம் சொன்னான். சிலர் தலை குனிந்தார்கள், சிலர் வெளியே போய்ச் சிரித்தார்கள், சிலர் வேறு ஜிம்முக்கு மாறிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் போர்டைக் கழற்ற ஏணியோடு போனபோது அது ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. யார் கழற்றியது என்று அவன் விசாரிக்கவில்லை. கிளாட்வின் கம்பெனி வேலைக்குப் போகிறான், யாரோடும் பேசுவதில்லை, உடம்பு கரைந்துவிட்டது என்று காதில் விழுந்தது. டாக்டரிடம் அவனை மாதாமாதம் அக்சாதான் கூட்டிப்போகிறாள் என்றும் சொன்னார்கள். மில் தானாக எழும்பவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பொன்னுராஜ் ஜிம்மைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அக்சா ஒரு ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்தாள். பின்னால் கிளாட்வின், தொளதொளவென்ற சட்டையில். கல்யாணக் கோட்டுக்குள் நின்ற பையனுக்கு வயது மட்டும் ஏறின மாதிரி இருந்தான். பொன்னுராஜ் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். வாங்க என்று சொல்லக்கூட அவனுக்கு உரிமை இருக்கிற மாதிரி தோன்றவில்லை.

"டாக்டர் ஊசி ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு" என்றாள் அக்சா. பெட்டியைத் திறந்தாள். "புதுசா வாங்கச் சொல்லல. எனக்கு எழுதிக் குடுத்து, மாமா போதும்னு பாதியில நிறுத்துன மருந்து ஃப்ரிட்ஜ் கதவுலதான் இருந்துச்சு. தேதி பாத்தாரு. சரியா இருக்கு, அதே மருந்துதான்னு சொல்லிட்டாரு."

"நீதான் போடத் தெரிஞ்சவ. நீ..."

"எனக்குத் தெரியும். நான் போடமாட்டேன். நீ ஆரம்பிச்சது, நீயே போடு. வாரத்துல மூணு நாள் இவரை வரச் சொல்லுதேன்."

பொன்னுராஜ் கையைக் கழுவினான். பழக்கத்தில் இரண்டு தடவை கழுவினான். கிளாட்வின் பழக்கத்தில் பெஞ்சில் கவிழ்ந்து படுக்கப் போனான்.

"மல்லாக்கப் படுங்க" என்றாள் அக்சா. "இது இடுப்புல போடறதில்ல."

மருந்தை எப்படிக் கலக்க வேண்டும், குமிழியை எப்படித் தட்டி வெளியேற்ற வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் செய்தான். தொப்புளுக்கு ஒரு பக்கமாக, இரண்டு விரலால் சதையை இப்படிப் பிடித்துத் தூக்கு என்று காற்றில் பிடித்துக் காட்டினாள். அவள் விரல்கள் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும்போல இருந்தது. எத்தனை காலைகள் அவள் தனியாக உட்கார்ந்து இப்படிப் பிடித்திருப்பாள் என்று பொன்னுராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊசி முனையைக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான். இத்தனை நாள் எவ்வளவோ பெரிய ஊசியை ஏற்றியவன், இந்த மயிரிழை ஊசிக்குத் தயங்கினான். கிளாட்வினும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வலிக்குதா மாப்ள?" என்றான் பொன்னுராஜ்.

"என்கிட்ட ஒருத்தரும் கேக்கல" என்றாள் அக்சா.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை, குற்றம் சொல்கிற குரலிலும் சொல்லவில்லை. கிளாட்வின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பொன்னுராஜ், அவள் சொல்லிக்கொடுத்தபடியே, மருந்து முழுக்க இறங்கும்வரை ஊசியை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.